கூட்டத்தில் நிற்பவர்களையும் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தலைவரைக் கொல்ல ஒருவன் வருவதும் போலீஸ் தடுப்பதுமான படங்களை விரும்பிப் பார்ப்பவன் நான். 1973-இல் வந்த 'தி டே ஆஃப் தி ஜாக்கல்' படத்தில் பிரெஞ்சு அதிபர் டி கால் பிழைப்பார் என்பது டிக்கெட் வாங்கும்போதே தெரியும். ஆனாலும் கடைசிவரை பதற்றம் குறையாது. கொலைகாரனைத் துரத்தும் லெபெல் அடிதடி நாயகன் அல்ல. தூக்கம் கெட்டுத் தகவல்களைத் துருவும் நடுத்தர வயது அதிகாரி. அப்படியொரு நாயகன் நம் படங்களுக்கு ஏன் வேண்டாதவர் ஆனார்? இங்கே பின்னணி இசையும் ஸ்லோமோஷனும் கொல்ல வருபவனுக்குத்தான்.

கோவைக்காரர்களுக்கு இது வெறும் கதை அல்ல. 1998 பிப்ரவரி 14-இல் அத்வானி பேசவிருந்த தேர்தல் கூட்டத்தை ஒட்டி நகரெங்கும் குண்டுகள் வெடித்தன. அவர் தப்பினார், 58 பேர் இறந்தார்கள். ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியோடு பாதுகாப்புக்கு நின்ற போலீசாரும் மாண்டார்கள். படங்களிலோ இவர்கள் சிதறி ஓடும் கூட்டம்தான், ஒரு முகம்கூட மனதில் நிற்பதில்லை. இந்தச் சம்பவங்களைப் படமாக்கும் இயக்குநர்கள், செத்துப்போனவர் ஒருவரின் வீட்டுக்குள்ளும் கேமராவைக் கொண்டுபோக வேண்டும்.

- வாசகர், ஆர்.எஸ்.புரம், கோவை