மருமகளோடு நீயும் போய் வா

சிங்கப்பூர்,
நவம்பர் 2024

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். வாட்சப்பில் எழுதினால் கட்டைவிரல் ஒன்றைப் போட்டுவிட்டு மறந்துவிடுவாய். அதனால்தான் தாளில்.

"அந்தக் கண்காட்சிக்கு அவ பிலிப்பினோ தோழிங்களோட போகட்டும்மா. அது அவங்க ஊர் விஷயம், எனக்கு அங்க என்ன இருக்கு?" என்று போன வாரம் பேச்சோடு பேச்சாகச் சொன்னாய். மருமகள் என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவள் சொல்லவும் மாட்டாள். ஆனால் போன பொங்கலுக்கு ஸ்கார்பரோவில் உன் நண்பர்கள் நடத்திய விழாவில் புடவை கட்டிக்கொண்டு, ஒரு சொல்லும் புரியாத பட்டிமன்றம் முடியும்வரை உட்கார்ந்திருந்தாளே, அங்கே அவளுக்கு என்ன இருந்தது?

உங்கள் டொராண்டோவின் ஒண்டாரியோ கலைக்கூடத்தில் இப்போது நடப்பது யாருடைய கண்காட்சி என்றாவது பார்த்தாயா? பசிட்டா அபாட். பிலிப்பைன்ஸ்காரர், நம் சிங்கப்பூர் ஆற்றுப் பாலத்துக்கு வர்ணம் பூசிய ஓவியர் அம்மாள்தான். சின்ன வயதில் ராபர்ட்சன் கீ பக்கம் போகும்போதெல்லாம் அந்த அல்காஃப் பாலத்தில் வட்டங்களை எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டு அழுவாய். எண்ணி முடிந்திருக்காது, இரண்டாயிரத்துக்கும் மேல். பாலம் 55 மீட்டர், வர்ணமும் 55. அதை அவர் முடித்தது 2004 ஜனவரியில். அப்போதே நுரையீரல் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தார். அதே டிசம்பரில் இங்கே சிங்கப்பூரிலேயே இறந்துபோனார். வரும் 7ஆம் தேதியோடு இருபது வருஷம். இப்போதுதான் அமெரிக்காவில் மினியாபொலிஸ், சான்ஃபிரான்சிஸ்கோ, நியூயார்க் என்று பெரிய அருங்காட்சியகங்கள் ஒவ்வொன்றாக அவர் படைப்புகளை மொத்தமாகத் திரட்டிக் காட்டிவிட்டு, கடைசியாக உங்கள் ஊருக்கு அனுப்பியிருக்கின்றன. உயிரோடு இருந்தபோது இந்த மரியாதை கிடைக்கவில்லை. 'இதெல்லாம் கைவேலை, தையல்' என்று ஒதுக்கியவர்கள் நிறைய.

அந்தத் தையலைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் கிட்டே போய்ப் பார்க்காவிட்டால் புரியாது. கித்தானில் ஓவியம் தீட்டுவார். பின்னால் இன்னொரு துணி வைத்து, இடையில் பஞ்சு திணித்து, கையாலேயே ஓட்டுத்தையல் போட்டு மெத்தை மாதிரி புடைக்க வைப்பார். மேலே பொத்தான், சோழி, மணி, கண்ணாடித்துண்டு எல்லாம் வரும். கணவர் பொருளாதார நிபுணர், வேலை நிமித்தம் பங்களாதேஷ், சூடான், இந்தோனேசியா என்று நாடு நாடாகப் போனவர். கூடவே போன இவர் அந்தந்த ஊர்ப் பெண்களிடம் அவரவர் வேலைப்பாட்டைக் கற்றுக்கொண்டார். சட்டம் போட்ட ஓவியத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகத் திரிய முடியாது. இதைச் சுருட்டிப் பெட்டியில் போட்டுவிடலாம்.

பிறந்தது பத்தானெஸ், பிலிப்பைன்ஸின் வடகோடித் தீவுகள். அரசியல் குடும்பம். அதிபர் மார்க்கோஸை எதிர்த்த மாணவர் போராட்டத்தில் இறங்கியதால், மாட்ரிடுக்குப் போய்ச் சட்டம் படி என்று வீட்டில் அனுப்பிவைத்தார்கள். 1970இல் போகிற வழியில் சான்ஃபிரான்சிஸ்கோவில் இறங்கியவர், அங்கேயே தங்கிவிட்டார். தையல் வேலை, தட்டச்சு வேலை என்று செய்துதான் வயிற்றைக் கழுவினார். குடியேறியவர்களைப் பற்றி 1990களில் ஒரு வரிசையே படைத்தார். அதில் சுதந்திரதேவி பழுப்புத் தோலோடு பல வர்ண உடையில் நிற்பாள். இன்னொன்றுக்கு, தெருவெல்லாம் தங்கம் பாவியிருக்கும் என்று நினைத்தேன் என்கிற பொருளில் தலைப்பு. உன் மனைவி இரவு ஷிப்ட் முடிந்து மருத்துவமனையிலிருந்து பனியில் பஸ்ஸுக்கு நிற்கிறவள். இந்தத் தலைப்புக்கு அவளிடம் விளக்கவுரை கேட்டுப்பார்.

நிற்க. உன் மாமியார் போன மாதம் இங்கே வந்து தங்கியிருந்தது உனக்குத் தெரியும். நாங்கள் என்ன செய்தோம் என்று நீ கேட்கவே இல்லை.

சம்பந்தியம்மா உன் மனைவியை ஊரில் பாட்டியிடம் விட்டுவிட்டு இதே சிங்கப்பூரில் வீட்டு வேலை பார்த்தவர். வாரம் ஒரு நாள் ஓய்வு என்கிற சட்டமெல்லாம் 2013இல்தான் வந்தது. அவர் இருந்தபோது மாதத்தில் ஒரு ஞாயிறு. அதுவும் மேடத்துக்கு மனசு வந்தால். அந்த ஒரு நாளில் லக்கி பிளாசா கடைவளாகத்தில் பணம் அனுப்பி, தேவாலயம் போய், புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிட்டுத் திரும்பிவிடுவார். 'இங்கே எதைப் பார்க்கணும்?' என்று கேட்டேன். 'எந்தக் கட்டடத்துக்குள்ளும் போனதில்லை, வெளியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன்' என்றார். சரி என்று நேஷனல் கேலரிக்கு அழைத்துப்போனேன். பழைய உச்ச நீதிமன்றமும் சிட்டி ஹாலும் சேர்ந்த அந்தக் கட்டடம்தான். எனக்கு அனுமதி இலவசம், குடிமகள் இல்லையா! அவருக்கு டிக்கெட் எடுக்க வேண்டியிருந்தது. அவர் ஊர்க்காரர் வரைந்ததைப் பார்க்க நான் ஓசியில் போகிறேன், அவர் காசு கொடுக்கிறார். இந்தக் கூத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஊர்க்காரர் என்று நான் சொல்வது ஹுவான் லூனாவை. இலோகோஸில் பாடோக் என்ற ஊரில் 1857இல் பிறந்தவர். சம்பந்தியம்மாவின் ஊரிலிருந்து ஜீப்னியில், அதாவது அந்த ஊர் ஜீப் பஸ்ஸில், போய்விடும் தூரமாம். 1884இல் மாட்ரிடில் நடந்த தேசிய ஓவியக் கண்காட்சியில் ஸ்போலியாரியம் என்ற பிரமாண்டமான ஓவியத்துக்குத் தங்கப்பதக்கம் வாங்கினார். அகலம் ஏழரை மீட்டருக்கும் மேல். ரோமாபுரியின் விளையாட்டரங்கில் செத்த அடிமை வீரர்களை ஆடை உருவ இழுத்துப்போகிற காட்சி. அதே கண்காட்சியில் இன்னொரு பிலிப்பினோ, ஹிடால்கோ, வெள்ளிப்பதக்கம் வாங்கினார். இருவருக்கும் நடந்த விருந்தில் அவர்கள் நாட்டின் தேசிய வீரரும் எழுத்தாளருமான ஹோசே ரிசால் பேசிய பேச்சைச் சம்பந்தியம்மா பாதி மனப்பாடமாகச் சொன்னார். ரிசாலை அங்கே 1956இல் சட்டம் போட்டே பாடமாக வைத்திருக்கிறார்கள்.

கேலரியில் இருக்கும் லூனா படம் வேறு. ஸ்பெயினும் பிலிப்பைன்ஸும் இரண்டு பெண்களாகப் படியேறுகிறார்கள், முதுகு மட்டும் நமக்குத் தெரிகிறது. உயரமான வெள்ளைக்காரி ஸ்பெயின். நாட்டு உடுப்பில் இருக்கும் பழுப்புப் பெண்ணை இடுப்பில் அணைத்தபடி, மறு கையால் தூரத்தைச் சுட்டிக்காட்டுகிறாள். நான் பக்கத்தில் எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தேன். சம்பந்தியம்மா படத்தை மட்டும் பார்த்துவிட்டு, "ஃபர்ஸ்ட் டே, என் மேடமும் இப்படித்தான் கையைக் காட்டினாங்க. அங்கே கிச்சன்" என்றார். பக்கத்தில் நின்ற காவலருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நூலகத்தில் காலமெல்லாம் ஓவியப் புத்தகங்களை அடுக்கியவள் நான். அந்தப் படத்துக்கு இப்படி ஓர் உரையை எதிலும் படித்ததில்லை.

இன்னொன்றும் சொன்னார். லூனா பாரிஸில் 1892இல் மனைவியையும் மாமியாரையும் சுட்டுக் கொன்றவர், பிரெஞ்சு நீதிமன்றம் மறு வருஷம் விடுதலை செய்துவிட்டது. "மருமகனிடம் சொல்லிவை, எனக்கு லூனாவைப் பிடிக்கும், ஆனால் அளவோடு" என்றார். சொல்லிவிட்டேன்.

தம்பி, இந்த மாட்ரிட் விஷயத்தில் ஒன்றைக் கவனி. லூனா பதக்கம் வாங்கி மூன்றே வருஷம் கழித்து, 1887இல், அதே ஊரில் ரெட்டீரோ பூங்காவில் பிலிப்பைன்ஸ் கண்காட்சி என்று ஒன்றை ஸ்பெயின் அரசு நடத்தியது. இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்ளும் கண்ணாடி மாளிகை அதற்காகக் கட்டியதுதான். செடிகொடி, சுருட்டு, மரம் இவற்றோடு மனிதர்களையும் கொண்டுவந்து காட்டினார்கள். குளிரிலும் நோயிலும் சிலர் அங்கேயே செத்தார்கள். ரிசால் கொதித்துப்போய்க் கடிதங்கள் எழுதினார். பிறகு அமெரிக்கா நாட்டைப் பிடித்தது. 1904இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் 47 ஏக்கரில் வேலி போட்டு, ஆயிரம் பேருக்கு மேல் கப்பலில் ஏற்றிவந்து குடிவைத்தார்கள். இகோரோட் என்கிற மலைவாழ் மக்கள் நாய்க்கறி தின்பதைப் பார்க்கத்தான் கூட்டம் நெரிந்ததாம். நாகரிகம் இல்லாதவர்கள், நாம்தான் ஆளவேண்டும் என்று ஊருக்குக் காட்ட வேண்டியிருந்தது அவர்களுக்கு.

அதனால்தான், வெளிநாட்டில் பிலிப்பினோக்கள் தங்கள் கையால் தங்கள் படத்தை மாட்டுகிறார்கள் என்றால், அதை 'அவங்க ஊர் விஷயம்' என்று நான் தள்ளமாட்டேன். யார் சுவரில் மாட்டுகிறார்கள், எதைக் காட்ட வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள் என்பது அவர்களுக்குச் சின்னக் கேள்வி இல்லை. சான்ஃபிரான்சிஸ்கோவில் பிறந்து வளர்ந்த கார்லோஸ் வில்லா என்ற ஓவியர், மாணவனாக இருந்தபோது பிலிப்பினோ ஓவிய வரலாறு பற்றி ஆசிரியரிடம் கேட்டாராம். அப்படி ஒன்றும் கிடையாது என்று பதில் வந்தது. இறகு வைத்த பெரிய பெரிய போர்வைகளாக அவர் செய்துவைத்தது எல்லாம் அந்தப் பதிலுக்கு மறுபதில்தான். 2013இல் போய்விட்டார், 2022இல்தான் பெரிய அருங்காட்சியகங்களில் அவருக்கு முழுக் கண்காட்சி வைத்தார்கள். ஆஸ்திரேலியாவில் அக்கிலிசான் தம்பதி இருக்கிறார்கள். 2006இல் பிள்ளைகளோடு பிரிஸ்பேனுக்குக் குடியேறியவர்கள். மூட்டை முடிச்சு, அட்டைப்பெட்டி இவற்றை வைத்தே படைக்கிறார்கள். அட்டைப்பெட்டியில் என்ன கலை என்று நீ கேட்பாய். வெளிநாட்டிலிருந்து வீட்டாருக்குச் சாமான் அனுப்பும் பாலிக்பயான் பெட்டியை உன் மாமியார் கட்டுவதைப் பார்த்திருந்தால் கேட்கமாட்டாய். ஒரு சோப்பு வைக்கிற இடத்தில் மூன்று சோப்பு வைத்து, இடுக்கில் சாக்லேட்டைச் செருகி, சுற்றிலும் டேப் ஒட்டி, மேலே ஏறி உட்கார்ந்து அமுக்கினார்.

எல்லாக் கண்காட்சியையும் நான் புகழ்வதாக நினைக்காதே. ஜூன் 12 பிலிப்பைன்ஸ் சுதந்திர தினத்தை ஒட்டி ஊருக்கு ஊர் மண்டபம் பிடித்து நடத்துகிறார்களே, அதில் பாதி எனக்குப் பிடிப்பதில்லை. தென்னை மரம், நெல்வயல், எருமை, பளபளக்கும் ஜீப்னி, சிரிக்கும் குழந்தை. நாள்காட்டிப் படம். தூதரக அதிகாரி நாடா வெட்டுவார், கூட்டம் நூடுல்ஸ் இருக்கும் மேசைக்கு நகரும். இதைச் சம்பந்தியம்மாவிடம் வெளிப்படையாகவே சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "சோகத்தை நான் திங்கள் முதல் சனி வரை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தென்னை மரம்தான் வேணும். உனக்குத் தெரியுமா, எங்க வீட்டு வாசலில் அப்படி ஒண்ணு இருந்தது, பேங்க்காரன் எடுத்துக்கிட்டான்" என்றார். நான் பதில் பேசவில்லை. ஆனாலும் எருமைப் படம் நல்ல படம் ஆகிவிடாது. இந்த வழக்கு எங்களுக்குள் இன்னும் தீரவில்லை, போனில் நடந்துகொண்டிருக்கிறது.

பசிட்டா இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தியாக இருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. அவ்வளவு வர்ணம், அவ்வளவு ஜிகினா, கண்ணைப் பறிக்கும். கிட்டே போனால் எல்லைக் கம்பிக்குப் பின்னால் பிடிபட்ட முகம் இருக்கும். ஹாங்காங்கில் ஞாயிற்றுக்கிழமை கூடும் பணிப்பெண்களை 1995இல் படைத்திருக்கிறார். அது இந்த வருஷம் வெனிஸ் பினாலே கலைக் கண்காட்சியில் இருக்கிறது, டொராண்டோவில் தேடாதே. போனில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். சம்பந்தியம்மா வெகுநேரம் உட்கார்ந்திருப்பவர்களையே பார்த்துவிட்டு, "சாப்பாடு எங்கே வச்சிருக்காங்க?" என்று தேட ஆரம்பித்துவிட்டார்.

கனடாவில் 2021 கணக்கெடுப்புப்படி 9,50,000க்கும் மேற்பட்ட பிலிப்பினோக்கள் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுக்குக் காய்ச்சல் வந்தாலும், உங்கள் ஊர்க் கிழவர்களுக்கு வயதானாலும் வந்து நிற்பவர்கள் அவர்கள்தான். அந்த ஊரின் பெரிய கலைக்கூடத்தில் அவர்களில் ஒருத்தி தைத்தவை நூற்றுக்கு மேல் தொங்குகின்றன. உன் பெண்டாட்டி பார்க்க ஆசைப்படுகிறாள்; துணைக்கு நீ இல்லாமல் வேறு யார்?

கண்காட்சி ஜனவரி 19 வரைதான். கிறிஸ்துமஸுக்கு முன்பே போய்விடு. அதற்கப்புறம் அவளுக்கு ஷிப்ட் மேல் ஷிப்ட் போடுவார்கள். இலவசமாக விடும் சாயந்திரம் எது என்று கண்டுபிடித்துச் சொல்வாய், உன்னைப் பெற்றவளுக்குத் தெரியாதா. கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு அந்தத் தையலைப் பார்க்க முடியாது. காசு கொடுத்து வேறொரு நாள் போ. உள்ளே போனதும் விளக்கம் சொல்ல ஆரம்பிக்காதே, கூகுளில் தேடிப் படித்துக்காட்டாதே. அவள் எங்கே நிற்கிறாளோ அங்கே நில். குளிரில் வெளியே வரும்போது பிலிப்பினோ கடைகள் இருக்கும் பாதர்ஸ்ட் - வில்சன் பக்கம் கூட்டிப்போய் அவள் கேட்பதை வாங்கிக்கொடு.

சம்பந்தியம்மா கட்டிய பெட்டி கப்பலில் வருகிறது. மேலே உன் பெயர் போட்டிருந்தாலும் உனக்கு அதில் இருப்பது இரண்டு பனியனும் நான் வைத்த முறுக்கும்தான். மீதி எல்லாம் அவளுக்கு. அவள் பிரிக்கும்வரை நீ கத்தரிக்கோலை எடுக்காதே.

அப்பாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. கடிதம் கிடைத்ததும் கூப்பிடு.

அன்புடன்,
அம்மா