நலச் சங்க ஆண்டறிக்கை: செயலாளர் பொதுக்குழுவில் சமர்ப்பித்தது

தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

செயற்குழு விதிப்படி கூடியது. கொடியேற்றமும் பொங்கல் விழாவும் வழக்கம்போல் நடந்தன. கழிவுநீர் அடைப்புக் குறித்து மனுக்கள் கொடுக்கப்பட்டன.

இவ்வாண்டின் முதன்மைப் பணி, சங்கக் கட்டட மொட்டைமாடியில் மழைமானி வைத்து, இடிமழை பற்றி மாதந்தோறும் வகுப்பு நடத்தியதாகும். தண்டையார்பேட்டைக்கு இது எதற்கு என்று சென்ற கூட்டத்தில் கேட்கப்பட்டதால், விளக்குவது என் கடமை. தென்மேற்குப் பருவக்காலத்தில் மலைத்தொடரைத் தாண்டி வறண்டு வரும் மேற்குக் காற்றோடு, பிற்பகலில் காசிமேட்டுப் பக்கமிருந்து நுழையும் ஈரமான கடற்காற்று மோதும் இடத்தில், சூடேறிய காற்று மேலெழுகிறது. உயரே போகப் போகக் குளிர்ந்து, அதிலுள்ள நீராவி துளிகளாகும்போது வெளிப்படும் வெப்பம் காற்றை இன்னும் மேலே தள்ளுவதால், மேகம் 15 கிலோமீட்டர் உயரம் வரைகூட வளர்கிறது. உள்ளே பனித்துகள்களும் சிறு ஆலங்கட்டிகளும் மோதி உரசுவதால், பெரும்பாலும் மேலே நேர்மின்னூட்டமும் கீழே எதிர்மின்னூட்டமும் சேர்ந்து மின்னலாகப் பாய்கின்றன. அந்தப் பாதையிலுள்ள காற்று ஏறத்தாழ 30,000 டிகிரி செல்சியஸ் வரை சூடேறிச் சட்டென விரிவதே இடியோசை.

ஆடி மாதத்து மாலை ஒன்றில், மாதவரம் பக்கம் காலிஃபிளவர்போல் கிளம்பிய மேகத்தின் தலை, கொல்லன் பட்டடைபோல் தட்டையாவதை மாடியிலிருந்த நாங்கள் நால்வர் கண்டோம். அதுவரை மேற்கே சாய்ந்தாடிய கொடித்துணிகள் திடீரெனக் கடல் பக்கம் பறந்தன. குளிர்காற்று முகத்தில் அடித்தது. மேகத்திலிருந்து மழையோடு இறங்கும் காற்று அது என்று அறிந்திருந்ததால் உடனே கீழே இறங்கினோம். மின்னலுக்கும் இடிக்கும் இடையே ஆறு விநாடிதான், அதாவது இரண்டு கிலோமீட்டர். மறுநாள் காலை 8.30 மணிக்கு, புனலில் ஒட்டியிருந்த வேப்பிலையை அகற்றிவிட்டு அளவெடுத்தோம்.

சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தென்மேற்குப் பருவக்காலத்தில் பெய்கிறது. அதன் பெரும்பகுதி இந்த மாலை இடிமழைதான். 2019-இல் புழல் ஏரி வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற நமக்கு அதன் அருமையைச் சொல்லத் தேவையில்லை. நாட்டில் ஆண்டுதோறும் 2,000-க்கும் மேற்பட்டோர் மின்னலால் இறக்கின்றனர். நம் உறுப்பினர் குடும்பங்களில் பலர் ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர்கள். அங்கே ஒதுங்க ஒரு கூரை கிடையாது. இருந்தும், வகுப்புக்குப் பத்துப் பேர் சேர்ந்தாற்போல் வந்ததில்லை. நிர்வாகக் குழுவினரே வராதது எனக்கு மிகுந்த வருத்தம்.

வரவு செலவு தணிக்கை செய்யப்பட்டுப் பொருளாளரிடம் உள்ளது; கையிருப்பு குறைவு. பாதிக்கு மேற்பட்டோர் சந்தா நிலுவையில் இருப்பதால் மழைமானியை என் சொந்தப் பணத்தில் வாங்க நேர்ந்தது. ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி.

சங்கக் கட்டடத்தின் மேல், மின்னலை வாங்கித் தரைக்குள் இறக்கும் இடிதாங்கி இதுவரை இல்லை. மாலையில் பிள்ளைகள் படிப்பது அந்தக் கூரையின் கீழேதான். நிலுவைச் சந்தா பங்குனிக்குள் வந்து சேர்ந்தால், கோடை இடிமழைக்கு முன் அந்த வேலையை முடித்துவிடலாம். ரசீதுப் புத்தகத்தை இன்று கையோடு கொண்டுவந்திருக்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்