விரலில் மை இல்லாத ஓட்டு

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது, பதில் போடாததற்குத் திட்டாதே. பெண்ணுக்கு இது எட்டாவது மாதம், நான் பாதி நாள் இங்கேயும் பாதி நாள் அவள் வீட்டிலுமாக அலைந்துகொண்டிருக்கிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ரிட்டையர் ஆன பிறகும் டியூஷனுக்காக மாடிப்படி ஏறி இறங்குகிறாயாமே, கீழே திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் குறைந்தா போய்விடுவாய்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடைசி வரியில் ஒரு குத்து குத்தியிருந்தாயே, நியூ ஜெர்சியில் என்ன பெரிய வரலாறு, நியூயார்க்கில் வேலை பார்ப்பவர்கள் ராத்திரி தூங்க வரும் ஊர்தானே என்று. இருபது வருஷமாக நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். குடியுரிமை வாங்கி, போன நவம்பரில் முதல் தடவை ஓட்டுப் போட்டுவிட்டு வந்த பிறகுதான், இங்கே யார் யார் எப்போதிலிருந்து ஓட்டுப் போடுகிறார்கள் என்று நோண்ட ஆரம்பித்தேன். நோண்டினால் இந்த மாநிலம் ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்கிக்கொண்டே வந்திருக்கிறது.

மண்ணுக்குச் சொந்தக்காரர்கள் லெனாப்பே மக்கள். டச்சுக்காரர்கள் வந்தார்கள், தெற்கே ஸ்வீடன்காரர்கள் கொஞ்ச நாள் இருந்தார்கள், 1664-இல் ஆங்கிலேயர்கள் மொத்தத்தையும் எடுத்துக்கொண்டார்கள். ராஜாவின் தம்பி அதை பெர்க்லி, கார்ட்டெரெட் என்ற இரண்டு பிரபுக்களுக்குத் தூக்கிக் கொடுத்தார். ஜெர்சி தீவை ஆண்ட கார்ட்டெரெட்டுக்கு மரியாதையாக வைத்த பெயர்தான் நியூ ஜெர்சி. அண்ணன் தம்பி பாகப்பிரிவினை மாதிரி கிழக்கு ஜெர்சி, மேற்கு ஜெர்சி என்று கொஞ்ச காலம் இரண்டாகக் கிடந்து, 1702-இல் ஒன்றானது. லெனாப்பேக்களுக்கு என்ன ஆனது என்று கேட்பாய். 1758-இல் பிரதர்ட்டன் என்ற இடத்தில் ஒரு துண்டு நிலம் ஒதுக்கினார்கள், அதுவும் 1801-இல் விற்கப்பட்டு, இருந்தவர்கள் நியூயார்க் பக்கம் போய்விட்டார்கள். பிறகு 1832-இல், அவர்களுக்கு மிச்சமிருந்த வேட்டை, மீன்பிடி உரிமைக்கு மாநிலம் கொடுத்த தொகை 2000 டாலர்.

வாஷிங்டன் பனியில் டெலவேர் ஆற்றைக் கடந்து ட்ரென்டனைப் பிடித்ததெல்லாம் நீ வகுப்பில் நடத்தியதுதான், விட்டுவிடுகிறேன். எனக்குப் பிடித்தது அதே 1776-இல் ஜூலை 2-ஆம் தேதி இவர்கள் எழுதிக்கொண்ட அரசியல் சட்டம். 50 பவுண்டு சொத்து உள்ள, வயது வந்த ‘எல்லாக் குடிகளும்’ ஓட்டுப் போடலாம் என்று எழுதிவிட்டார்கள். ஆண் என்றும் இல்லை, வெள்ளையர் என்றும் இல்லை! கல்யாணமான பெண்ணின் சொத்து புருஷனுடையது என்பதால் அவர்களுக்குக் கிடைக்கவில்லை, ஆனால் விதவைகளும் கல்யாணமாகாதவர்களும் போய் ஓட்டுப் போட்டார்கள், சொத்து வைத்திருந்த கறுப்பினத்தவரும் போட்டார்கள். கவனக்குறைவாக எழுதிவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதே, 1797-இல் வந்த தேர்தல் சட்டம் ‘அவன் அல்லது அவள்’ என்றே சொல்கிறது.

அப்புறம் 1807. எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தில் நீதிமன்றக் கட்டடம் நியூவார்க்கிலா எலிசபெத்திலா என்று ஒரு வாக்கெடுப்பு. இரண்டு ஊருக்கும் மானப் பிரச்சினையாகிவிட்டது. தகுதியுள்ளவர்களை விட விழுந்த ஓட்டு அதிகம், ஆண்கள் பெண் வேஷம் கட்டிக்கொண்டு இரண்டாவது தடவை வந்து போட்டார்கள் என்று புகார் கிளம்பியது. நம் ஊர் மை ஒரு சொட்டு இருந்திருந்தால் வரிசையிலேயே பிடித்திருக்கலாம். சட்டசபை என்ன செய்தது தெரியுமா? மோசடியை ஒழிக்கிறோம் என்று அந்த வருஷமே சட்டம் கொண்டுவந்து, வெள்ளை ஆண்களுக்கு மட்டும்தான் ஓட்டு என்று ஆக்கிவிட்டது. பாவாடை கட்டி ஏமாற்றியவன் ஆண், ஓட்டு பறிபோனது பெண்ணுக்கு. இதைப் படித்த அன்று சமையலே ஓடவில்லை எனக்கு. திரும்பக் கிடைத்தது 1920-இல், 113 வருஷம் கழித்து. நடுவில் 1915-இல் பெண்களுக்கு ஓட்டுக் கொடுக்கலாமா என்று ஆண்களிடம் கேட்டார்கள், வேண்டாம் என்றுவிட்டார்கள்.

அடிமைமுறையிலும் இதே இழுபறிதான். 1804-இல் ஒழிக்கிறோம் என்று சட்டம் போட்டார்கள், ஆனால் அந்த ஜூலை 4-க்குப் பிறகு பிறக்கும் குழந்தைக்குத்தான் விடுதலை, அதுவும் பெண்ணென்றால் 21 வயது வரை, ஆணென்றால் 25 வயது வரை எஜமானுக்கு உழைத்த பிறகு. 1846-இல் மிச்சமிருந்தவர்களின் பெயரை ‘ஆயுள்காலப் பயிற்சியாளர்’ என்று மாற்றினார்கள், வேலை மாறவில்லை. நாடு முழுக்க அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க அரசியல் சட்டத்தின் 13-ஆவது திருத்தத்தை முதலில் நிராகரித்துவிட்டு 1866-இல்தான் ஏற்றார்கள். அடிமைமுறையை எதிர்த்த வடக்கு மாநிலம் என்று பெயர்!

இதில் ஒரு ஆள் எனக்கு ரொம்ப நெருக்கமாகிவிட்டார். என் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் பெர்த் அம்பாய், ஒரு காலத்தில் கிழக்கு ஜெர்சியின் தலைநகர், அடிமைகள் வந்திறங்கிய துறைமுகமும் அதுதான். அங்கே பள்ளிக்கூடத்தில் வேலையாளாக இருந்த தாமஸ் மண்டி பீட்டர்சன், நிறத்தைக் காட்டி ஓட்டை மறுக்கக் கூடாது என்ற 15-ஆவது திருத்தம் அமலுக்கு வந்த மறுநாளே, 1870 மார்ச் 31-இல், நகர சாசனம் பற்றிய ஒரு வாக்கெடுப்பில் போய் ஓட்டுப் போட்டார். அந்தத் திருத்தத்தின்படி நாட்டிலேயே முதல் கறுப்பின வாக்காளர். அந்தத் திருத்தத்தையும் நியூ ஜெர்சி எதிர்த்துத்தான் வாக்களித்திருந்தது என்பதைச் சொல்லவா வேண்டும்? ஊர்க்காரர்கள் பின்னால் அவருக்கு ஒரு தங்கப் பதக்கம் கொடுத்தார்கள்.

எங்கள் ஊர் எடிசனுக்கு அந்தப் பெயர் 1954-இல் வந்தது. தாமஸ் எடிசன் பல்பு செய்த மென்லோ பார்க் இங்கேதான். இப்போது பல்பை விட ஓக் ட்ரீ ரோட்டுப் புடவைக் கடைகளும் முருங்கைக்காயும்தான் பிரசித்தம். ஆனால் நமக்கும் இது சும்மா கிடைக்கவில்லை. 1987-இல் ஜெர்சி சிட்டியில் ‘டாட்பஸ்டர்ஸ்’ என்று ஒரு கும்பல், நம் பெண்கள் வைக்கும் பொட்டைத்தான் ‘டாட்’ என்றார்கள், இந்தியர்களை விரட்டப் போவதாகப் பத்திரிகைக்கே கடிதம் எழுதினார்கள். அந்த வருஷம் பக்கத்து ஹொபோக்கனில் ஒரு இந்திய இளைஞர் அடித்தே கொல்லப்பட்டார். அதே ஹொபோக்கன் 2017-இல் தலைப்பாகை கட்டிய ரவி பல்லாவை மேயராகத் தேர்ந்தெடுத்தது. இரண்டும் ஒரே ஊர் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

(இன்னொன்று, 1949 சட்டப்படி இங்கே பெட்ரோலை நாமே போட்டுக்கொள்ளக் கூடாது, ஆள்தான் போடவேண்டும். இந்த ஒரு உரிமையைப் பிடுங்கியதில் எனக்கு வருத்தமே இல்லை, குளிரில் காரை விட்டு இறங்க வேண்டாம்.)

அன்றைக்கு நான் பொட்டு வைத்துக்கொண்டுதான் ஓட்டுப் போடப் போனேன். வெளியே வந்ததும் சட்டையில் ஒட்டிக்கொள்ள ஒரு ஸ்டிக்கர் கொடுத்தார்கள். மை இல்லாத விரலைப் பார்த்தால் ஓட்டுப் போட்ட மாதிரியே இல்லை. ஸ்டிக்கர் ஃபிரிட்ஜில் இருக்கிறது. குழந்தை பிறந்து வீடு ஒரு நிலைக்கு வந்ததும் நீ இங்கே வா, பீட்டர்சன் கல்லறை பெர்த் அம்பாய் சர்ச் வளாகத்தில்தான் இருக்கிறது, சேர்ந்து போவோம். வரும்போது அந்தத் திருநெல்வேலி மாவடு ஒரு பாட்டில், எண்ணெய் ஒழுகாமல் கட்டி எடுத்துக்கொண்டு வா.

உன்
எடிசன்காரி