கத்திரி வெயிலையும் கணக்கில் எடுங்கள்

வேலூர் வட்டார மருத்துவ ஆய்வு நெறிமுறைக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். குடியாத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் அப்பா நாற்பது வருஷம் பீடி குடித்தவர். கடலைக்கொல்லைக்குப் போகும் வழியில் மூன்று இடத்தில் நின்று கெண்டைக்காலைப் பிடித்துக்கொள்வார். கால் ரத்தக்குழாயில் அடைப்பு என்று பலூன் வைத்து விரித்தார்கள். எட்டே மாதத்தில் அதே இடம் மறுபடி சுருங்கியது. சுண்டுவிரல் கறுத்துப்போய், அதை எடுக்க வேண்டியதாயிற்று.

அன்றிலிருந்து, ஒளி பட்டால் வேலை செய்யும் மருந்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கிறேன். ஊசியில் ஏற்றும் மருந்து, கொழுப்புப் படிந்த குழாய்ச் சுவரில் கூடுதலாகத் தங்குகிறது. ஒளி படாதவரை சும்மா கிடக்கும். மெல்லிய ஒளியிழையைக் குழாய்க்குள் செலுத்திச் சிவப்பொளி பாய்ச்சினால், அங்குள்ள ஆக்சிஜன் வீரியமேறி அழற்சி செல்களை, அதாவது சுவரைப் புண்ணாக்கி வீங்க வைக்கும் செல்களை, அழிக்கிறது. மோடெக்ஸாஃபின் லுட்டீசியம் என்ற மருந்துக்கு 732 நானோமீட்டர் ஒளி. முயல்களில் பலன் தெரிந்தது. 2000-இல் கால் அடைப்பு உள்ளவர்களிடம் நடந்த முதற்கட்ட ஆய்வும் வெளிவந்தது. ஆனால் இன்னும் அன்றாட சிகிச்சையாகவில்லை. ஒரு காரணம் எனக்குத் தோன்றுகிறது. முயலுக்குக் கொழுப்புத் தீனி போட்டு, உள்சுவரைப் பலூனால் சிராய்த்துச் சில வாரங்களில் உண்டாக்கிய நோய் அது. அப்பாவுடையது வருஷக்கணக்கில் சுண்ணாம்பாய் இறுகியது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. இவ்வகை மருந்து உடம்பில் இருக்கும்வரை தோலிலும் கண்ணிலும் வெயில் படக்கூடாது. மருந்தைப் பொறுத்து அது சில நாளாகவோ சில வாரமாகவோ இருக்கும். கூண்டு முயலுக்கு அது பெரிய விஷயமில்லை. நாற்பது டிகிரியைத் தாண்டும் எங்கள் ஊரில், கொல்லைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை.

இப்படியொரு ஆய்வு அனுமதி கேட்டு உங்கள் மேசைக்கு வந்தால் இரண்டு காரியம் செய்யுங்கள். நோயாளிக்குப் புரியும் மொழியில் ஒப்புதல் வாங்க வேண்டும் என்று மத்திய அரசின் 2019 மருந்துப் பரிசோதனை விதிகள் சொல்கின்றன. அந்தத் தமிழ்ப் படிவத்தில் "ஒளி உணர்திறன்" என்று எழுதி விட்டுவிடாதீர்கள். "இத்தனை நாள் வெயிலில் போகக்கூடாது, போனால் தோல் வெந்துவிடும்" என்று முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். இழந்த கூலியை ஈடுகட்ட இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் இடம் தருகிறது. வீட்டுக்குள் அடைந்துகிடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் அதைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். "களையெடுக்கிற சமயத்துல கூப்பிட வேணாம்னு எழுதும்மா" என்றார். அதையும் எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
கால் அடைப்பு நோயாளி ஒருவரின் மகள்