புதிய சேகரத் தலைவர் ஐயாவுக்கு, உங்கள் உடன் ஊழியர்களைப் பற்றி ஒரு கடிதம்

கிறிஸ்துவுக்குள் பிரியமான ஐயா அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். பல கிராமச் சபைகள் சேர்ந்த எங்கள் சேகரத்திற்குத் தலைமைக் குருவானவராக நீங்கள் மாற்றலாகி வருகிறீர்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து இதை எழுத நினைத்தேன். மாலையும் சால்வையும் முடிந்த மறுநாளே கணக்கு நோட்டும் கமிட்டிச் சண்டையும் உங்கள் மேசைக்கு வந்துவிடும். அதற்கு முன்பாக, உங்களோடு வேலை செய்யப்போகிறவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். உதவி குருவானவர், குருப்பட்டம் பெறாமலே சுற்றுக் கிராமச் சபைகளைக் கவனிக்கும் உபதேசியார்கள், பெண் ஊழியர், ஆபீஸ் எழுத்தர், ஆர்கன் வாசிக்கும் தம்பி, விடியற்காலையில் கோயிலைத் திறந்து மணியடிக்கும் பணியாளர் ஆகிய எல்லாரையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

நான் ஒரு உபதேசியாரின் மகள். பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். சேகரக் கமிட்டியிலும் இருந்திருக்கிறேன். ஆகவே குருமனையின் முன்வாசல் வழியாகவும் பின்வாசல் வழியாகவும் இந்தக் காரியத்தைப் பார்த்தவள் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

எந்தக் குருவானவரும் தன் ஊழியரை அமுக்கி வைக்க வேண்டும் என்று நினைத்து வருவதில்லை. நல்லவர்கள்தான் வருகிறார்கள். ஆனால் அவர்கள் வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, முடிவெடுக்கும் உரிமையைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொள்கிறார்கள். உபதேசியார் வீடு சந்திக்கிறார், நோயாளிக்கு ஜெபிக்கிறார், சங்கக் காணிக்கை வசூலிக்கிறார், ஞாயிறு ஆராதனை நடத்துகிறார். ஆனால் கோயிலில் ஒரு மின்விசிறி நின்றுபோனால் அதைச் சரிசெய்ய ஆள் கூப்பிடக்கூட அவருக்கு உத்தரவு இல்லை. சேகர ஆபீசுக்கு வந்து, ஐயா ஜெபக் கூட்டத்திலிருந்து திரும்பும்வரை திண்ணையில் காத்திருந்து கேட்க வேண்டும். என் தகப்பனார் அப்படிக் காத்திருந்ததைச் சிறுபிள்ளையாகப் பார்த்திருக்கிறேன். அவர் வருத்தப்பட்டதாக நினைவில்லை. அவர் காலத்தில் அதுதான் ஒழுங்கு. ஆனால் வருஷக்கணக்காக ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுச் செய்த மனுஷன், ஒரு கட்டத்தில் தானாக எதையும் யோசிப்பதை விட்டுவிடுகிறான். பிறகு வருகிற குருவானவர், "இந்த உபதேசியாருக்குச் சொந்தமாக ஒன்றும் தோன்றாது" என்று சொல்கிறார்.

நம்முடைய திருநெல்வேலித் திருச்சபையின் சரித்திரத்திலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. ஜெர்மானிய மிஷனெரியான ரேனியஸ் ஐயர் 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்தார். அவர் காலத்தில் கிராமம் கிராமமாகச் சபைகள் எழும்பின என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். அந்தக் கிராமங்களில் தங்கி, எதிர்ப்பைத் தாங்கி, எழுத்தறியாதவர்களுக்குப் படிப்புச் சொல்லி, பஞ்சத்திலும் காலராவிலும் கூடவே நின்றவர்கள் உபதேசியார்கள். அவர்களில் சிலருக்குக் குருப்பட்டம் கொடுக்க வேண்டும் என்று ரேனியஸ் விரும்பினார். எந்த முறைப்படி கொடுப்பது, பேராயர் கையால்தான் கொடுக்க வேண்டுமா என்பதில் அவரை அனுப்பிய சர்ச் மிஷனெரி சங்கத்தோடு அவருக்கு மோதல் வந்தது. வேறு காரணங்களும் சேர்ந்துகொள்ள, 1835-இல் சங்கம் அவரை விலக்கியது. மூன்று வருஷத்தில் அவர் பாளையங்கோட்டையிலேயே மறைந்துபோனார். அந்த வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் பெரியவர்கள் சட்டத்தைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்த அந்த வருஷங்களில், குருப்பட்டத்திற்குத் தகுதியான உபதேசியார்கள் உபதேசியார்களாகவே இருந்தார்கள் என்பதை மறக்க முடியவில்லை.

இதற்கு நேர்மாறான ஒன்றும் நம் மண்ணோடு சேர்ந்ததுதான். வெள்ளாளன்விளையில் பிறந்த வி. எஸ். அசரியா, 1910-இல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில், முப்பத்தைந்து வயதில், வெள்ளைக்கார மிஷனெரிகள் நிறைந்த சபையின் முன் எழுந்து நின்று, நீங்கள் எங்களுக்காக எவ்வளவோ தியாகம் செய்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். பலருக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் வீடுகளில் இந்தப் பேச்சை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். அதற்குப் பின்னால் நடந்ததை அவ்வளவாகப் பேசுவதில்லை. ஒரு இந்தியர் பேராயராக முடியுமா, அவருக்குக் கீழ் ஐரோப்பியர் வேலை செய்வார்களா என்று ஆட்சேபணைகள் எழுந்தபோது, சென்னைப் பேராயர் வைட்ஹெட் பின்வாங்கவில்லை. தம்முடைய பேராயத்திலிருந்தே ஒரு பகுதியைப் பிரித்துக் கொடுக்க ஆயத்தமானார். 1912 டிசம்பர் 29-ஆம் தேதி கல்கத்தாவில் அசரியா, தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கல்லின் பேராயராக அபிஷேகம் பண்ணப்பட்டார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர்தான்.

தன் எல்லை குறைந்தாலும் பரவாயில்லை, இவர் வளரட்டும் என்று நின்ற ஒரு தலைவர் அங்கே இருந்தார். அசரியாவும் தமக்குக் கிடைத்ததைத் தம்மோடு நிறுத்திக்கொள்ளவில்லை. தோர்ணக்கல்லில் கிராமத்து ஊழியர்களைப் பயிற்றுவித்தபோது அவர்களுடைய மனைவிமாரையும் கூடவே பயிற்றுவித்தார். இன்றைக்கும் எத்தனை சேகரங்களில் உபதேசியாரம்மா சம்பளமில்லாமல் ஓய்வுநாள் பள்ளியையும் பெண்கள் ஐக்கிய சங்கத்தையும் தூக்கிச் சுமக்கிறார்கள்! எந்தப் பயிற்சி முகாமுக்காவது அவர்களை அனுப்பினோமா? பாடத்திட்டம் போடும்போது ஒரு வார்த்தை கேட்டோமா?

ஐயா, இப்போது மனதைக் கடினப்படுத்தாமல் கேட்க வேண்டிய ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் ஊழியரை அமுக்குவதற்கு உங்களைத் தூண்டிவிடுகிறவர்கள் வேறெங்கும் இல்லை. உங்கள் மேல் பாசம் வைத்திருப்பவர்கள்தான். எண்ணாகமத்தில் எல்தாத்தும் மேதாத்தும் பாளயத்திலேயே தீர்க்கதரிசனம் சொன்னபோது, அவர்களைத் தடுக்கச் சொன்னது யோசுவா. மோசேயின் எதிரியல்ல, சிறுவயது முதல் கூடவே இருந்த ஊழியக்காரன்! மோசேயோ, எனக்காக நீ வைராக்கியம் காட்டாதே, கர்த்தருடைய ஜனங்கள் எல்லாரும் தீர்க்கதரிசிகளானால் நல்லது என்று சொல்லிவிட்டார். நம் சேகரத்திலும் அப்படிப்பட்ட யோசுவாக்கள் உண்டு. ஆராதனை முடிந்ததும் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "உதவி ஐயர் செய்தியை ஜனங்கள் ரொம்பப் பேசுகிறார்கள், கொஞ்சம் கவனமாக இருங்கள்" என்பார்கள். "வாலிபரெல்லாம் அவர் பின்னால் போகிறார்கள்" என்பார்கள். அந்த இரவில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் அடுத்த சில வருஷங்கள் அடங்கியிருக்கின்றன. சவுல் ராஜா ஒரு பாட்டைக் கேட்டார், சவுல் கொன்றது ஆயிரம், தாவீது கொன்றது பதினாயிரம் என்று. அன்றுமுதல் தாவீதைக் காய்மகாரமாய்ப் பார்த்தார். தாவீது சவுலுக்கு விரோதமாக ஒன்றும் செய்திருக்கவில்லை.

ஒரு சேகரத்தில் நான் கண்ணாரக் கண்டதைப் பெயர் சொல்லாமல் எழுதுகிறேன். பெரிய வெள்ளிக்கிழமை, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பிரசங்கியார்கள் வெளியூரிலிருந்து அழைக்கப்படுவார்கள். இறையியல் படித்த உதவி குருவானவர் வாசலில் நின்று அவர்களுக்கு இளநீர் கொடுப்பார். கிறிஸ்துமஸ், ஈஸ்டர், பிரதிஷ்டை பண்டிகை, எல்லாம் சேகரத் தலைவருக்கு. காலை ஐந்து மணி ஆராதனையும் மழைக்காலத்து வாரநாள் கூட்டமும் உதவியாளருக்கு. அவர் ஒருநாளும் முறையிடவில்லை. மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். போன இடத்தில் நன்றாகப் பிரசங்கிக்கிறாராம். எங்கள் ஜனங்கள் அதைக் கேட்டு, இங்கே இருந்தபோது அவருக்கு இந்த வரம் இல்லையே என்று ஆச்சரியப்பட்டார்கள்.

பெண் ஊழியர்களின் நிலை இதைவிடக் கஷ்டம். நம்முடைய தென்னிந்தியத் திருச்சபையில் 2013-இல் நந்தியாலில் புஷ்ப லலிதா அம்மையார் பேராயராகவே ஆகிவிட்டார். இங்கே இறையியல் பட்டம் வாங்கிய பிள்ளை வந்தால், ஓய்வுநாள் பள்ளி, பெண்கள் சங்கம், அசனத்தன்று பந்தி பரிமாற ஆள் திரட்டுவது, அத்தோடு சரி. துக்க வீட்டில் அடக்க ஆராதனை நடத்த அவரை அனுப்பிப் பாருங்கள். முதல்முறை ஜனங்கள் முணுமுணுப்பார்கள். அப்போது நீங்கள் அவர் பக்கத்தில் நிற்க வேண்டும். அடுத்த முறை அவர்களே அவரைக் கேட்டு வருவார்கள்.

பொறுப்பைக் கொடுப்பது என்றால் ஆளை அப்படியே விட்டுவிடுவது என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். அதையும் பார்த்திருக்கிறேன். சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, ஒன்றும் சொல்லித்தராமல், தப்பு வந்தபின் கமிட்டியில் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பது. அது இன்னும் பெரிய அநியாயம். பணக் காரியத்தில் இரண்டு பேர் கையெழுத்து இருக்கட்டும், வரவுசெலவை மாதாமாதம் பாருங்கள், அதில் யாருக்கும் குறைவில்லை. ஆனால் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு இவ்வளவு தொகை என்று ஒதுக்கிவிட்டால், அதற்குள் எந்தப் பாட்டு, எந்த நாடகம், யாருக்கு என்ன பரிசு என்பதையெல்லாம் அந்த ஊழியரே முடிவு செய்யட்டும். அவர் செய்வது நீங்கள் செய்வதைப்போல இருக்காது. சில இடங்களில் குறைவாகவும் இருக்கும். சபையார் முன்பாகத் திருத்தாதீர்கள். தனியே கூப்பிட்டு, உட்காரவைத்துச் சொல்லுங்கள். ஒலிபெருக்கியில் திருத்தப்பட்ட உபதேசியாருடைய பிள்ளைகள் அன்றைக்கு வீட்டில் சாப்பிட மாட்டார்கள். எனக்குத் தெரியும்.

பர்னபாவை நினைத்துக்கொள்ளுங்கள், ஐயா. எருசலேம் சபை பயந்து ஒதுக்கிய, பின்னாளில் பவுல் எனப்பட்ட சவுலைக் கையைப் பிடித்து அப்போஸ்தலரிடம் கொண்டுபோனவர் அவர். பிற்பாடு அந்தியோகியாவில் வேலை பெருகியபோது, தானே தர்சு பட்டணத்துக்குப் போய் அவரைத் தேடிக் கூட்டிவந்து, ஒரு வருஷம் சேர்ந்து போதித்தார். முதலில் பர்னபாவும் சவுலும் என்றுதான் வேதம் சொல்லிவருகிறது. சீப்புரு தீவைக் கடந்தபின் பெரும்பாலும் பவுலும் பர்னபாவும் என்று மாறிவிடுகிறது. பெயர் இரண்டாவது இடத்துக்கு இறங்கியதற்காகப் பர்னபா கசப்பாக ஒரு வார்த்தை பேசினதாக எங்கும் எழுதப்படவில்லை. பின்னாளில் பவுலோடு அவர் சண்டையிட்டது உண்மைதான். அதுவும் தனக்காக அல்ல. ஒருமுறை பாதியில் திரும்பிப்போன மாற்கு என்ற வாலிபனுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்பதற்காக.

நீங்களும் சில வருஷத்தில் மாற்றலாகிப் போவீர்கள். திருமண்டல ஒழுங்கு அப்படி. நீங்கள் கட்டும் சுற்றுச்சுவரில் உங்கள் பெயர் போட்ட கல் இருக்கும். அதைக் குறை சொல்லவில்லை, கட்டடமும் வேண்டியதுதான். ஆனால் நீங்கள் போன அடுத்த ஞாயிற்றுக்கிழமை, புதியவர் வந்து சேருமுன், ஒரு மரணமோ ஒரு குடும்பச் சண்டையோ வந்தால், யாரையும் கேட்காமல் எழுந்து போய் அதைத் தாங்கக்கூடிய ஆட்கள் இந்தச் சேகரத்தில் இருக்க வேண்டும் என்பதே என் ஆசை.

சம்பளம், பதவி உயர்வு, மேற்படிப்புக்கு அனுமதி எல்லாம் உங்கள் கையில் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். பரிந்துரைக் கடிதம் எழுதுவது உங்கள் கையில்தான் இருக்கிறது. எங்கள் ஆபீஸ் எழுத்தர் தபால் வழியில் பட்டப்படிப்பு முடித்தவர். அவர் எதற்காகப் படித்தார் என்று இதுவரை வந்த யாரும் கேட்கவில்லை. தூரத்துச் சபையில் இருக்கும் உபதேசியார், பனையேறிகளின் பிள்ளைகளுக்கு மாலைநேர வகுப்பு நடத்த ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். அது பழைய கமிட்டிக் கோப்பில் கிடக்கிறது. எழுத்தரிடம் கேட்டால் எடுத்துத் தருவார்.

வந்தவுடன் உபதேசியார்களை ஆபீசுக்கு வரச்சொல்லிக் கூட்டம் போடுவது வழக்கம். இந்த முறை நீங்கள் அவர்கள் வீட்டுக்குப் போங்கள். உபதேசியாரம்மாவும் உட்காரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இந்தச் சபைக்கு எது வேண்டும் என்று கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் இருங்கள். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களுக்கான பிரசங்கப் பட்டியல் இன்னும் போடவில்லை என்று செயலர் சொன்னார். ஏழு வார்த்தைகளில் நான்கையாவது நம் ஊழியர்களுக்கே கொடுங்கள், அதில் ஒன்று பெண் ஊழியருக்கு. வெளியூர்ப் பிரசங்கியாரை அழைக்க நினைக்கும் கமிட்டி அங்கத்தினர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

உங்களுக்காகவும் அம்மாவுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் தினமும் ஜெபிக்கிறேன்.

இப்படிக்கு,
கர்த்தருக்குள் உங்கள் சகோதரி,
ஓர் உபதேசியாரின் மகள்