கம் வேலைக்கு ஆகலன்னு சொன்ன தம்பிக்கு

தம்பி,

போன்ல ‘சிகரெட்ட நிறுத்த வாங்குன அந்த நிக்கோடின் கம்மெல்லாம் வேலைக்கு ஆகாதும்மா, விக்கல்தான் வருது’ன்னு சொல்லிட்டு பேச்ச மாத்திட்ட, அதான் எழுதறேன், எழுதுனா நீ நடுவுல கட் பண்ண முடியாதுல்ல.

ஆஸ்பத்திரி மருந்து கவுண்டர்ல காலம் பூரா நின்னவ நான். விக்கல் வருது நெஞ்சு எரியுதுன்னா நீ அத பபுள்கம் மாதிரி விடாம சவச்சுக்கிட்டிருக்கன்னு அர்த்தம். எச்சியோட நிக்கோடின் வயித்துக்குள்ள போயிட்டா முக்காவாசி வீண்தான், கன்னத்து உள்பக்கம் வழியாத்தான் அது ரத்தத்துல ஏறணும். மெதுவா மெல்லு, மிளகு காரம் மாதிரி சுருக்குன்னு வரும் பாரு, அங்கயே நிறுத்திட்டு அப்பத்தா வெத்தலைய ஒதுக்கி வைக்குமே அப்படி கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல அடக்கி வையி, சுருக்கு போனதும் திரும்ப கொஞ்சம் மெல்லு, இப்படியே ஒரு அரை மணி நேரம். காபி குடிச்ச வாயோட போட்டா ஏறாது, கால் மணி நேரம் விட்டுப் போடு.

நீ வாங்குனது 2 மில்லிகிராமாம், உன் பொண்டாட்டி சொன்னா (அவள திட்டாத, நான்தான் நோண்டி நோண்டி கேட்டேன்). படுக்கைய விட்டு எந்திரிச்சு அரை மணிக்குள்ள பத்த வைக்கிறவங்களுக்கு 4 மில்லிகிராம்தான் சரி, அதுக்கு டாக்டர் சீட்டு வேணும். போனா தோல்ல ஒட்டுற நிக்கோடின் பேட்சும் சேத்து கேளு, 21, 14, 7 மில்லிகிராம்னு படிப்படியா கொறைப்பாங்க, பேட்ச் ஒட்டிக்கிட்டு ஆசை முட்டுறப்ப மட்டும் கம் போடறது ஒண்ண மட்டும் வச்சுக்கறத விட நல்லா கேக்கும். வைராக்கியத்துலயே விட்டுருவேன்னு உங்கப்பா மாதிரி பேசாத, கம்மோ பேட்சோ எடுக்கறவங்க விட்டுட்டு நிக்கற வாய்ப்பு சும்மா விடறவங்கள விட ஏறக்குறைய ஒண்ணரை மடங்கு.

இன்னொண்ணு வாரெனிக்ளின் மாத்திரை. மூளையில நிக்கோடின் போய் ஒட்டுற எடத்துலயே இது ஒட்டிக்கிட்டு கொஞ்சூண்டு திருப்திய குடுத்துரும், அதுக்கு மேல சிகரெட் பிடிச்சாலும் பழைய சொகம் கெடைக்காது. விடற நாளுக்கு ஒரு வாரம் முன்னாடியே ஆரம்பிக்கணும், 12 வாரம் ஓடும். குமட்டும், அதனால சாப்ட்டு ஒரு டம்ளர் தண்ணியோட போடணும், கண்டபடி கனவு வரும், பயந்துராத. புப்ரோபியான்னு சிகரெட்ட நிறுத்தற வேற மாத்திரை ஒண்ண டாக்டர் எழுதுனாருன்னா சின்னதுல காய்ச்சலப்ப உனக்கு வலிப்பு வந்தத கட்டாயம் சொல்லு, வலிப்பு வந்தவங்களுக்கு அது ஆகாது.

யாரும் சொல்லாத விஷயம் ஒண்ணு, சிகரெட் புகை காபியில இருக்கற கஃபீன ஈரல் சீக்கிரம் கரைக்கிற மாதிரி பண்ணி வச்சிருக்கும், நிறுத்துனா அதே காபி உடம்புல ரெண்டு பங்கு தங்கும். கை நடுங்குது தூக்கம் வரலன்னு மாத்திரை மேல பழியப் போடாத, நைட் ஷிப்ட்ல நீ குடிக்கிற காபிய பாதியாக்கு.

வேப்பு கீப்புன்னு எலக்ட்ரானிக் சிகரெட்ட எவனாச்சும் நீட்டுனா வாங்காத, 2019லயே இங்க தடை பண்ணியாச்சு. டாக்டர்கிட்ட போக சங்கடமா இருந்தா சிகரெட்ட நிறுத்த உதவுற 1800-11-2356க்கு போன் போடு, உன் சிகரெட் பாக்கெட்லயே அச்சடிச்சிருக்கான், காசு கெடையாது.

சீட்டு எழுதுனதும் போட்டோ எடுத்து வாட்ஸாப்ல போடு, மில்லிகிராம் தெரியற மாதிரி.

அம்மா