வாசலில் நின்றுவிடக் கூடாத கதை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வைரஸ்கள் பற்றி வந்த கட்டுரையை பிளஸ் டூ வகுப்பில் வாசித்துக் காட்டினேன், பிள்ளைகள் ஆர்வமாகக் கேட்டார்கள். ஆனால் செல்லின் மேலுள்ள ஏற்பி ஒரு பூட்டு, வைரஸ் அதற்கு ஒரு சாவி என்பதோடு கட்டுரை முடிந்துவிட்டது. வைரஸ் உள்ளே போன பிறகும் ஏற்பிக்கு வேலை இருக்கிறதே!

கொசுவால் பரவும் ஜிகா வைரஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 2015, 2016-இல் பிரேசிலில் கர்ப்பத்தின்போது அது தொற்றிய தாய்மார்களுக்குத் தலை சிறுத்த குழந்தைகள் பிறந்தபோது, வளரும் மூளையின் செல்களில் நிறையத் தென்பட்ட ஆக்ஸில் என்ற ஏற்பிதான் வைரஸின் வாசல் என்று பலரும் நினைத்தார்கள். அப்புறம் ஆக்ஸில் மரபணுவை நீக்கிய எலிகளில் சோதித்தால், அவற்றுக்கும் ஜிகா தொற்றியது.

சரி, அப்படியானால் ஆக்ஸிலுக்குப் பங்கே இல்லையா? அதன் அன்றாட வேலை, சாகும் செல்களை அப்புறப்படுத்த உதவுவதும் அந்த நேரத்தில் உடலின் எதிர்ப்பு தேவையில்லாமல் கிளம்பாமல் அடக்கி வைப்பதும்தான். சாகும் செல்லின் மேல்புறம் வந்து நிற்கும் பாஸ்ஃபடிடைல்செரின் என்ற கொழுப்பு ஜிகாவின் உறையிலும் இருக்கிறது, காஸ்6 என்ற புரதம் நடுவில் பாலமாகி வைரஸை ஆக்ஸிலோடு சேர்த்துவிடுகிறது. செத்த செல்லின் வேஷத்தில் வந்து நிற்கிறது வைரஸ்!

2018-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆஸ்ட்ரோசைட் எனப்படும் மனித மூளைச் செல்களிலிருந்து ஆக்ஸிலை நீக்கிப் பார்த்தார்கள். வைரஸ் உள்ளே நுழைவது நிற்கவில்லை, ஆனால் தொற்று பரவ முடியவில்லை, ஏனென்றால் ஆக்ஸில் அடக்கி வைத்திருந்த இன்டர்ஃபெரான் எதிர்ப்பு (வைரஸ் வந்தால் செல்கள் வெளிவிடும் எச்சரிக்கைப் புரதம்தான் இன்டர்ஃபெரான்) ஆக்ஸில் போனதும் வேகமாகக் கிளம்பியது. அதே செல்களில் அந்த எச்சரிக்கையை வாங்கும் இன்டர்ஃபெரான் ஏற்பியையும் எடுத்துவிட்டார்கள், வைரஸுக்குப் பழையபடி பரவ வழி கிடைத்துவிட்டது. எனக்கு இந்தக் கடைசிச் சோதனைதான் ரொம்பப் பிடித்தது, காரணம் எங்கே இருக்கிறது என்று அதுதான் கையைப் பிடித்துக் காட்டுகிறது. வேறு செல்களில் செய்த சில ஆய்வுகள் ஆக்ஸில் நுழைவுக்கும் உதவுவதாகச் சொல்கின்றன, அதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஆக்ஸிலைத் தடுக்கும் மருந்து ஜிகாவுக்கு உதவுமா என்று யோசிக்கிற எவரும் இதைத் தெரிந்துகொள்ளாமல் நகர முடியாது. நுழைவைத் தடுப்பதும் செல்லின் எதிர்ப்பை எழுப்பிவிடுவதும் ஒன்றல்ல. அதனால் கட்டுரையாளரையே இன்டர்ஃபெரான் பற்றி ஒரு பக்கமாவது எழுதச் சொல்லுங்கள், காலாண்டுத் தேர்வுக்கு முன் வந்தால் அதையும் வகுப்பில் வாசித்துவிடுவேன்.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியை ஒருவர், தஞ்சாவூர்